பாறை உச்சியில் பன்னிரண்டாவது பெயர்

மனிதனுக்கு மனிதன் கால் நீளம் வேறு. ஆள் நெட்டையாக இருப்பான், கால் குட்டையாக இருக்கும். உட்கார்ந்திருக்கும்போது தெரியாது. பாறை ஏறும்போதுதான் தெரியும். இதை முதலிலேயே சொல்லிவிட்டால் பின்னால் எழுதப்போவது சுலபமாகப் புரியும் என்று நினைக்கிறேன்.

சப்-இன்ஸ்பெக்டர் ஐயாவுக்கு, குன்னத்துக்கு அடுத்த ஊரில் அம்மி கொத்திப் பிழைக்கும் அங்கமுத்து, வயது ஐம்பத்திரண்டு, என் கையால் எழுதிக்கொள்வது. நீ சொல்லச் சொல்ல நான் எழுதிக்கொள்கிறேன் என்று ஏட்டய்யா சொன்னார். கடைசியில் கைநாட்டு வைக்க மை டப்பாவையும் திறந்து வைத்தார். நான் பேனா கேட்டேன். அவர் என்னை ஒரு தரம் பார்த்துவிட்டுக் கொடுத்தார். எனக்கு எழுத்து மெதுவாகத்தான் வரும். அவசரம் வேண்டாம். நான் எங்கும் போகப்போவதில்லை.

எழுத்து எனக்கு வந்தது நாற்பத்தேழாவது வயதில். வரதராசன்பேட்டையில் பள்ளிக்கூடத்துக்குச் சுவர் வைக்கிறார்கள் என்று கல் உடைக்கப் போயிருந்தேன். மத்தியானம் கஞ்சி குடித்துவிட்டுச் சன்னலோரம் நிற்பேன். அங்கே மதலேனம்மாள் டீச்சர் பாடம் நடத்திக்கொண்டிருப்பார். ஒரு நாள் பாதியில் நிறுத்திவிட்டு என்னிடம் வந்தார்.

"பெரியவரே, ஒரு வாரமா சன்னல்ல நிக்கிறீங்க. உள்ள வந்து உக்காருங்க. பசங்க உங்களப் பாக்குதுங்க, என்னைப் பாக்க மாட்டேங்குதுங்க" என்றார்.

உள்ளே போய் உட்கார்ந்தேன். முதலில் என் பேரை எப்படி எழுதுவது என்று கேட்டேன். அதற்கே பதினோரு நாள் ஆனது. அதற்கப்புறம் மற்றதெல்லாம் வந்தது.

பேர் எழுத வந்தபிறகு நான் கொஞ்சம் அதிகமாகத்தான் எழுதினேன். ஒத்துக்கொள்கிறேன். கரித்துண்டால் சுவரில் எழுதினேன், மழை அழித்தது. சுண்ணாம்பால் எங்கள் வீட்டு முறத்தில் எழுதினேன். என் பெஞ்சாதி மலர்கொடி, "ஏய்யா, மொறத்துல பேரு எழுதி வச்சிருக்கியே, உன்னையவா பொடைக்கப் போறேன்?" என்று கேட்டுவிட்டுக் கழுவினாள். உண்ணாமலை என்கிற அம்மாளுக்குச் செய்த புது அம்மியில், அடிப்பக்கம் யாருக்கும் தெரியாமல் வெட்டிக் கொடுத்தேன். மறுநாளே தலையில் வைத்துத் திருப்பிக் கொண்டுவந்துவிட்டாள். அடியில் அயலான் பேர் இருக்கிற அம்மியில் புருசனுக்கு எப்படி மிளகாய் அரைப்பது என்று கேட்டாள். அவள் கேட்டதும் நியாயம்தான். எழுதினால் நிற்கிற இடம் ஒன்று வேண்டும் என்று அன்றைக்குத் தோன்றியது. வேறு ஆசை எதுவும் எனக்குக் கிடையாது. சாராயம்கூடக் கிடையாது.

எங்கள் தொழிலில் உள்ள ஒரு வழக்கத்தையும் இங்கே சொல்ல வேண்டும். எந்த வேலையையும் நிறைவாக முடிக்கக் கூடாது. அம்மி கொத்தினால் ஒரு மூலையில் நாலு கொத்து பாக்கி விடுவோம். கிணற்றுக்குக் கல் கட்டினால் ஒரு கல்லைக் கோணலாக வைப்போம். கண்ணேறு அந்தக் குறையில் போய் உட்கார்ந்துகொள்ளும். வேலை தப்பித்துவிடும். என் அப்பனும் அப்படித்தான் செய்தான், அவன் அப்பனும் அப்படித்தான். இதை மனதில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

தேவசகாயம் சர்வேயர் ஐயாவை உங்களுக்குத் தெரியும். தெரியாதென்றால் இப்போது தெரிந்திருக்கும். ஏலாக்குறிச்சிப் பக்கத்துக் குடும்பம். முப்பது வருசம் நிலம் அளந்துவிட்டு, ஜெர்மன்காரன் சண்டை முடிந்த வருசம் வேலையிலிருந்து ஓய்வு பெற்றுப் பெரம்பலூரில் வந்து குடியிருந்தார். அரைக்கால் சட்டை, கித்தான் பூட்ஸ், கழுத்தில் விசில். அளப்பதற்கு நிலம் இல்லாமல் அவருக்குச் சும்மா இருக்க முடியவில்லை. நடப்பதற்கு ஒரு சங்கம் வைத்தார். பெரம்பலூர் கடலோர நடைச் சங்கம் என்று அதற்குப் பேர்.

இந்த ஜில்லாவில் கடல் இல்லை என்று உங்களுக்கும் தெரியும். எனக்கும் தெரிந்திருந்தது. பாதை நெடுகக் கல்லுக்குக் கல் சுண்ணாம்பு வட்டம் போட என்னை வைத்துக்கொண்ட முதல் நாள், கம்பங்கொல்லை நடுவில் நிறுத்தி ஐயா சொன்னார்.

"அங்கமுத்து, நீ நிக்கிறது கடற்கரைப்பா."

நான் காலடியில் பார்த்தேன். கம்பந்தட்டைதான் இருந்தது.

"கடல் எங்கங்க?"

"கொஞ்சம் தள்ளிப் போயிருக்கு."

"எப்பங்க போச்சு?"

"பத்துக் கோடி வருசம் இருக்கும்."

"திரும்பி வருங்களா?"

"வந்தா வரட்டும். அதுக்குத்தான் ரூட்டை மேடாப் பாத்துப் போட்டிருக்கேன்."

அவர் சொன்னதில் பொய் இல்லை. எங்கள் பக்கத்தில் ஏர் ஓட்டினால் சங்கு மாதிரி, நத்தை மாதிரிக் கல் கிளம்பும். ஆடு மேய்க்கிறவர்கள் அதை எடுத்துக் காக்காய் மேல் எறிவார்கள். ஐயா அதை எடுத்துக் காதில் வைத்துக் கேட்பார்.

சங்கத்தில் பதினாறு பேர். வெல்ல மண்டி சின்னதுரைதான் காரியதரிசி. ஞாயிற்றுக்கிழமை பூசை முடித்துவிட்டு ஐயா வந்து விசில் ஊதினால் புறப்படுவார்கள். ரஞ்சன்குடிக் கோட்டையிலிருந்து குன்னம் ஒரு ரூட்டு. குன்னத்திலிருந்து அரியலூர்ப் பக்கம் சங்குக்கல் கொல்லை வரைக்கும் இன்னொரு ரூட்டு. மைலுக்கு ஒரு தடவை நின்று, கண்ணை மூடிக் கடல் காற்று வாங்குவார்கள். பதினாறு பேர் குறிப்புப் புத்தகத்தோடு கொல்லைவழியே வருவதைப் பார்த்து, பதுக்கல் நெல் பிடிக்கிற ஆபீசர்கள் என்று நினைத்துச் செந்துறைப் பக்கத்தில் ஒரு ஊரே கதவைப் பூட்டிக்கொண்டு ஓடியது. ஐயா அதையும் குறிப்பில் எழுதினார். கடலோரக் கிராமம், மீன்பிடிக்கப் போயிருக்கலாம் என்று எழுதினார்.

வீட்டில் சொன்னபோது மலர்கொடி, "நடக்குறதுக்கு ஒரு சங்கமா? நடக்காம உக்காந்திருக்கிறதுக்கு ஒண்ணு வச்சாச் சொல்லு, நான் சேர்றேன்" என்றாள்.

ஆனால் ஐயா நல்ல மனிதர். என்னை ஒரு நாளும் திட்டியதில்லை. எனக்கு எழுதத் தெரியும் என்று சொன்னபோது சிரிக்காமல் பென்சில் ஒன்று கொடுத்தவர் அவர்தான். அவர்மேல் எனக்கு வருத்தம் எதுவும் இருந்ததில்லை. இதற்கு அடிக்கோடு போட்டிருக்கிறேன், பார்த்துக்கொள்ளுங்கள்.

கோட்டையைத் தாண்டி ஒரு கூப்பிடு தூரத்தில் ஒரு பாறை இருக்கிறது. நாங்கள் மொட்டைப் பாறை என்போம். ஐயா அதற்குக் கலங்கரைப் பாறை என்று பேர் வைத்தார். கப்பல்காரனுக்கு வழி காட்ட அதன்மேல் விளக்கு ஏற்றியிருப்பார்களாம். தொண்ணூறு அடி செங்குத்து. அதில் ஏறுவதற்குக் கால்குழி வெட்டச் சொன்னார்.

"கயிறு கட்டிக்கலாங்களா?" என்று கேட்டேன்.

"கயிறு கட்டி ஏறுறது கெணத்து வேலைப்பா. இது மலையேற்றம்" என்றார்.

"வெட்டி முடிச்சா எம்பேரை மேல வெட்டிக்கலாங்களா? உச்சியில வழவழன்னு நல்ல எடம் இருக்குங்க."

"தாராளமா வெட்டிக்கப்பா. நீ வெட்டுன பாறைதானே" என்றார்.

நாலு மாதம் வெட்டினேன். குழிக்குக் குழி ஒரு முழம். அறுபது குழி. இடது கை சுண்டுவிரல் நசுங்கியது அந்த வேலையில்தான். எங்கள் வழக்கப்படி ஒரு குழியைக் குறையாக விடுகிறேன் என்று கேட்டேன். "சர்வே அளவுல குறைங்கிறதே கெடையாது" என்று சொல்லிவிட்டார். அறுபதையும் நிறைவாகவே முடித்தேன். அது எனக்கு உறுத்திக்கொண்டே இருந்தது. நிறைவாக முடிந்த வேலை, கதவில்லாத வீடு மாதிரி.

வேலை முடிந்தவுடன் சங்கத்தில் கூட்டம் போட்டுத் தீர்மானம் நிறைவேற்றினார்கள். பாறை ஏறுகிறவர்களின் பேரை உச்சியில் வெட்ட வேண்டும், அங்கமுத்து வெட்ட வேண்டும் என்று தீர்மானம். நான் ஐயாவிடம் போனேன்.

"ஐயா, எம்பேரை வெட்டிக்கலாம்னு சொன்னீங்க."

"சொன்னேன். ஆனா இப்பச் சட்டம்னு ஒண்ணு வந்திருச்சேப்பா. ஏறுனவங்க பேரைத்தான் வெட்டணும்."

"நான் ஏறியிருக்கேங்களே. தெனம் நாலு தடவை ஏறி எறங்குனேன்."

"அது வேலைக்கு ஏறுனதுப்பா. வேலைக்கு ஏறுறது ஏற்றத்துல சேராது. தேங்கா பறிக்கிறவன் பேரை எந்த மரத்துலயாவது வெட்டி வச்சிருக்கா?"

யோசித்துப் பார்த்தேன். எந்த மரத்திலும் வெட்டி வைத்திருக்கவில்லை. அவர் சொன்னது சரிதான்.

உச்சியில் வழவழப்பான இடம் ஆறடிக்கு இரண்டடிதான். மற்றதெல்லாம் பொருக்குப் பாறை, உளி வைத்தால் உதிரும். நல்ல இடத்தில் அளந்து பார்த்தேன். பன்னிரண்டு பேர் கொள்ளும். பதின்மூன்றாவது கொள்ளாது. அந்தத் தையிலிருந்து ஒவ்வொரு பேராக வெட்டினேன். ஓட்டல்காரர் மகன், தபாலாபீஸ் குமாஸ்தா, இப்படிப் பத்துப் பேர். குழி நன்றாக வெட்டியிருந்ததால் எல்லாரும் ஏறிவிட்டார்கள். நான் வெட்டிய குழியில் ஏறி, நான் வெட்டிய பேரைத் தடவிப் பார்த்துவிட்டு இறங்கினார்கள்.

பதினோராவது பேர் டைகர். அது சர்வேயர் ஐயாவின் நாய்.

டைகரை ஒரு கோணிப்பையில் போட்டு முதுகில் கட்டிக்கொண்டு ஏறியவன் நான்தான். உச்சியில் அவிழ்த்துவிட்டேன். அது இரண்டு சுற்றுச் சுற்றிவிட்டு ஓட்டல்காரர் மகன் பேர்மேல் காலைத் தூக்கியது. கீழேயிருந்து ஐயா விசில் ஊதினார். எல்லாரும் கை தட்டினார்கள். பேரை வெட்டச் சொன்னார்கள்.

இறங்கி வந்து, "ஐயா, நாயைத் தூக்கிக்கிட்டு நான்தானே ஏறினேன்" என்றேன்.

"நீ சொமந்துக்கிட்டுப் போனே. அது வேலை. டைகர் சும்மா போச்சு பாரு, அதான் ஏற்றம்" என்றார் ஐயா.

அந்த நாய்மேலும் எனக்கு வருத்தம் இல்லை. அதற்கு இதெல்லாம் தெரியாது. ஆனால் ஒரு வரிதான் பாக்கி இருந்தது. என் பேருக்கு ஆறு எழுத்து. அந்த வரியில் அளவாக உட்காரும். மறு ஞாயிறு யாராவது ஏறிவிட்டால் அதுவும் போய்விடும். ஐயாவின் மனம் மாறுவதற்குக் கொஞ்சம் நாள் வேண்டும். அந்த நாளுக்கு வழி பண்ண வேண்டும். அவ்வளவுதான் நான் நினைத்தது.

எங்கள் தொழில் வழக்கத்தை மேலே சொல்லியிருக்கிறேன். அதைத்தான் செய்தேன். முன்பே விட்டிருக்க வேண்டிய குறையை இப்போது விட்டேன்.

மூன்றாவது குழியைக் கொஞ்சம் ஆழமாகக் குடைந்தேன். உள்ளே வெற்றிடமாக விட்டு, மேலே ஒரு விரல் கனத்துக்குக் காரை பூசி மூடினேன். சுண்ணாம்பு, கடுக்காய்த் தண்ணீர், வெல்லம், அந்தப் பாறையையே இடித்த தூள். காய்ந்தபிறகு பார்த்தால் எனக்கே அடையாளம் தெரியாது. காக்காய் உட்காரலாம். ஓணான் ஓடலாம். ஆள் மிதித்தால் உடையும். நான் ஏறி இறங்குவதற்குத் தடையில்லை. என் கால் நீளம். ஒரு குழி விட்டு ஒரு குழியில் வைப்பேன்.

அடுத்த ஞாயிறு ஏற வந்தவர் வெல்ல மண்டி சின்னதுரை. விழுந்து இடுப்பு சுளுக்கிக்கொண்டது. காரைக்கு வெல்லம் வாங்கியது அவர் மண்டியில்தான். எறையூர்ப் பக்கத்து வெல்லம், நல்ல பிடிப்பு என்று அவரே நிறுத்துக் கொடுத்தார். கேட்டபோது அம்மிக்கு என்று சொல்லியிருந்தேன். அந்த ஒரு பொய் சொன்னதை ஒத்துக்கொள்கிறேன்.

சங்கம் கோபப்படும் என்று பயந்தேன். கூட்டம் போட்டார்கள். ஐயா எழுந்து பேசினார்.

"இத்தனை நாளா இது படிக்கட்டா இருந்துச்சு. இன்னைக்குத்தான் மலையேற்றம் ஆயிருக்கு. வெள்ளைக்காரன் மலையில விழாம எவன் பேரு வாங்கியிருக்கான்?" என்றார்.

சின்னதுரைக்கு மாலை போட்டார்கள். அவர் குப்புறப் படுத்தபடியே வாங்கிக்கொண்டார். பாறையின் இயற்கைக் குணம் என்று புத்தகத்தில் எழுதினார்கள். என்னை அந்தக் குழியைச் சரிசெய்யச் சொன்னார்கள். சரிசெய்தேன்.

மூன்றாவது குழியில் ஒரு சங்கடம் இருந்தது. அங்கிருந்து விழுகிறவன் சுளுக்கு எடுத்துக்கொண்டு அடுத்த மாதம் திரும்பி வந்துவிடுவான். அதனால் அடுத்த தடவை பன்னிரண்டாவது குழியில் பூசினேன். ஸ்கூல் டிரில் மாஸ்டருக்குக் கால் முறிந்தது. அதற்கடுத்தது இருபத்தைந்தாவது குழி. கோர்ட் அமீனா ஒருத்தர் காரைமுள் புதரில் விழுந்தார். அதிலிருந்து பேசுவதில்லை. அவர் முன்பும் அதிகம் பேசுகிறவர் இல்லை என்று சொல்கிறார்கள்.

விழ விழச் சங்கத்துக்குப் பேர் பரவியது. திருச்சியிலிருந்துகூட ஒருத்தர் கடுதாசி போட்டு, விழுவதற்கு முன்கூட்டி எழுத வேண்டுமா, நேரில் வந்தால் போதுமா என்று கேட்டிருந்தார். ஆனால் ஐயாவின் மனம் மாறவில்லை. நான் ஒவ்வொரு திங்கட்கிழமையும் கேட்டேன். அவரும் ஒவ்வொரு திங்கட்கிழமையும் பொறுமையாக அதே பதிலைச் சொன்னார்.

ஆனி மாதம் ஐயாவே என்னைக் கூப்பிட்டனுப்பினார்.

"அங்கமுத்து, ஆகஸ்டு பதினஞ்சு சுதந்திரம் வருது. அன்னைக்கு நானே ஏறிக் கொடி நடப்போறேன். அந்தப் பன்னெண்டாவது வரி எனக்குப்பா. திங்கக்கிழமை நீ வந்து வெட்டு."

"ஐயாவுக்கு வயசு அறுபத்தொண்ணு ஆகுதுங்களே."

"வயசு இல்லப்பா, கால்தான். உன் குழி எனக்கு எட்டாது. நடுவுல நடுவுல ஒண்ணு வெட்டிக் குடு."

அவர் ஆள் வாட்டசாட்டம், கால் குட்டை. பருத்தி நூல் எடுத்து, குந்தி உட்கார்ந்து அவர் பாதத்திலிருந்து முழங்கால் வரை அளந்தேன். அவர் என் தலைக்கு மேலே எங்கோ பார்த்தபடி நின்றார். அளக்கும்போது ஒரு தடவை கேட்டேன்.

"அப்ப எம்பேரு?"

"எல்லாருக்கும் சுதந்திரம் வருது, உனக்கு வராமலா போகும்? பேரு வேணும்னா அடிவாரத்துல வெட்டிக்கப்பா. அங்க எவ்வளவோ எடம் இருக்கு" என்றார்.

அடிவாரத்தில் இடம் இருப்பது வாஸ்தவம். ஆடுகள் ஒதுங்குகிற இடம் அது.

அந்த நூலை வைத்து, எல்லாரும் ஏறுகிற இரண்டு பொதுக்குழிக்கு நடுவில் ஒவ்வொன்றாக அவர் காலுக்கு வெட்டினேன். ஐயா குழி என்று அதற்குப் பேர் வைத்துக்கொண்டேன். மற்றவர்கள் யாரும் அதில் கால் வைக்க மாட்டார்கள். வைத்தால் முழங்கால் பாறையில் இடிக்கும். ஆடி முடியும் முன்னே எல்லாம் தயார். அதற்கப்புறம் ஒரு குறை விட்டேன். ஐம்பத்தேழாவது பொதுக்குழிக்கும் ஐம்பத்தெட்டாவதுக்கும் நடுவில் இருக்கிற ஐயா குழியில் விட்டேன். திங்கட்கிழமை பூசினேன், வெள்ளிக்கிழமைக்குள் நன்றாகக் காய்ந்துவிட்டது.

ஏன் அவ்வளவு உயரத்தில் என்று நீங்கள் கேட்டீர்கள். கீழே விட்டால் அவரும் சுளுக்கு எடுத்துக்கொண்டு திரும்பி வந்துவிடுவார். மேலும் அந்தக் குழியில் அவரைத் தவிர வேறு யாரும் கால் வைக்க முடியாது. இன்னொருத்தருக்கு அடிபடக் கூடாது என்பதில் நான் அவ்வளவு கவனமாக இருந்தேன். முன்பு விழுந்த மூன்று பேர் விசயத்தில் அந்தக் கவனம் எனக்கு இல்லாமல் போனது. அதை நினைத்தால் மனசு சங்கடப்படுகிறது.

பதினைந்தாம் தேதி காலையில் பாறையடியில் கூட்டம். மிட்டாய் கொடுத்தார்கள். என் உளி இடுப்பில் இருந்தது. அது எப்போதும் இடுப்பில்தான் இருக்கும். ஐயா கொடியை மடித்து முதுகில் கட்டிக்கொண்டு ஒரு பாறைமேல் ஏறி நின்று பேசினார்.

"இன்னைக்கு ஒருத்தருக்கும் வேலை கெடையாது. அங்கமுத்து, உனக்குந்தான். லீவு. கீழ நின்னு வேடிக்கை பாரு."

"அப்ப இன்னைக்கு நான் வேலையில இல்லீங்களா?" என்று கேட்டேன்.

"இல்லப்பா."

"எல்லாருக்கும் கேக்குற மாதிரி ஒரு தடவை சொல்லிருங்கய்யா."

ஐயா சிரித்தார். "அங்கமுத்துவுக்கு இன்னைக்கு லீவு" என்று உரக்கச் சொன்னார். கூட்டமும் சிரித்தது. சின்னதுரை அதைப் புத்தகத்தில் குறித்துக்கொண்டார்.

ஐயா ஏறினார். குழிக்குக் குழி விசில் ஊதிக்கொண்டே ஏறினார். கீழே எல்லாரும் விசிலை எண்ணினார்கள். அறுபத்தொரு வயதுக்கு நன்றாகவே ஏறினார். நான் வெட்டிய குழி அவர் காலுக்கு அத்தனை பொருத்தமாக இருந்தது. பாதி வழியில் நின்று கிழக்கே பார்த்து, "கடல் தெரியுதுப்பா" என்று கத்தினார். கீழே எல்லாரும் கிழக்கே திரும்பிப் பார்த்தார்கள். பருத்திக்கொல்லைதான் தெரிந்தது.

ஐம்பத்தேழாவது பொதுக்குழியில் விசில் கேட்டது. அடுத்தது ஐயா குழி. அதற்கு விசில் கேட்கவில்லை.

எல்லாரும் அவரிடம் ஓடினார்கள். சின்னதுரை கொடியை அவிழ்த்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். டைகர் ஐயாவின் பூட்ஸை முகர்ந்தது. அவருக்கு இனிச் செய்ய ஒன்றும் இல்லை என்று பார்த்ததும் தெரிந்துவிட்டது. விசில் மட்டும் உருண்டு வந்து என் காலடியில் நின்றது. அதை எடுத்துச் சின்னதுரையிடம் கொடுத்தேன். கொடுத்துவிட்டு ஏறினேன்.

மற்றது உங்களுக்கே தெரியும். நீங்கள் வந்தபோது நான் மூன்றாவது எழுத்தில் இருந்தேன். நீங்கள் அனுப்பிய கான்ஸ்டபிள் ஏழாவது குழி வரை ஏறிவிட்டு இறங்கிவிட்டார். அவர் கெட்டிக்காரர். நீங்கள் குடை பிடித்துக்கொண்டு, "எறங்குடா" என்று கத்தினீர்கள். "இன்னும் மூணெழுத்துங்கய்யா" என்று நானும் மரியாதையாகத்தான் பதில் சொன்னேன். பொழுது சாய்வதற்குள் முடித்து இறங்கினேன். உங்களைக் காக்க வைத்ததற்கு மன்னிக்க வேண்டும். நல்ல பாறையில் அவசரமாக வெட்டினால் எழுத்து பிசிறடிக்கும்.

நேற்று மலர்கொடி இங்கே சோறு கொண்டுவந்தாள். கம்பிக்கு வெளியே தூக்குச்சட்டியைக் கீழே வைத்தாள்.

"ஒரு பேருக்காகவாய்யா?" என்று கேட்டாள்.

"பேருக்காக இல்ல. கண்ணேறுக்கு ஒரு குறை விட்டேன். அது நம்ம வழக்கம்" என்றேன்.

"எங்கண்ணு படாத எடத்துல போயி எழுதி வச்சிருக்கியே. நான் போயிப் பாக்க முடியுமா அதை?" என்றாள்.

பொதுக்குழியில் பார்த்து ஏறினால் ஒன்றும் ஆகாது என்று சொன்னேன். அவள் தூக்குச்சட்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

நான் எழுத வேண்டியதை எல்லாம் எழுதிவிட்டேன். காரை பூசியது நான். ஆழம் குடைந்தது நான். யார் கால் அதில் படும் என்று நூல் வைத்து அளந்ததும் நான். எதையும் மறைக்கவில்லை. கோர்ட்டில் கேட்டாலும் இதையேதான் சொல்வேன். என்ன தண்டனை என்றாலும் அது உங்கள் வேலை. அதில் நான் குறுக்கே வரமாட்டேன்.

ஒரே ஒரு விண்ணப்பம். சங்கத்துப் புத்தகத்தில் பாறை ஏறினவர்கள் பக்கத்தை டைகரோடு நிறுத்திக் கோடு போட்டுவிட்டார்களாம். அது தப்பு. டைகருக்குக் கீழே பன்னிரண்டு என்று எண் போட்டு என் பேரை எழுதச் சொல்லி நீங்கள் உத்தரவிட வேண்டும். சர்வேயர் ஐயா இருந்தால் அவரே எழுதியிருப்பார், சட்டம் தெரிந்தவர். சின்னதுரை புத்தகத்தில் குறித்தும் வைத்திருக்கிறார், கீழே நின்ற கூட்டமே சாட்சி இருக்கிறது.

அன்றைக்கு நான் வேலைக்கு ஏறவில்லை.